வலைப்பக்கம் நெய்யும் ஆசிரியர்கள்

விழுப்புரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எதுவாக இருக்கும்? பெரும்பாலான வாசகர்களுக்கு அது ஓர் இரயில் சந்திப்பு. திருச்சிக்கும், புதுச்சேரிக்கும், காட்பாடிக்கும், கடலூர் வழியாக மயிலாடுதுறைக்கும் தண்டவாளங்கள் பிரிந்து செல்லும் இடம். நள்ளிரவில் கண்விழித்துச் சன்னல் வழியே ஒரு குவளைத் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டு மீண்டும் உறங்கிப் போகும் ஊர். அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் திண்டிவனமோ, சென்னைப் பேருந்துகள் நின்று புறப்படும் ஊர். அவ்வளவுதான் நாம் அறிந்தது.

ஆனால் இவ்விரு ஊர்களைச் சுற்றிய கிராமங்களில், கல்வியைப் பற்றிக் கவலைப்படும் ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டிய சில செய்திகள் நடந்திருக்கின்றன. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. கள்ளக்குறிச்சி பிரியாத அன்றைய விழுப்புரம் மாவட்டத்திலோ அது சுமார் 72 விழுக்காடுதான். வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் பிள்ளைகள் நிறைந்த மண் அது. அங்கேதான் மரக்காணத்தை அடுத்த கந்தாடு என்னும் சிற்றூரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை அன்னபூர்ணா மோகன், 2017ஆம் ஆண்டில் தம் நகைகளைப் பணமாக்கித் தம் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு எனப்படும் தொடுதிரைப் பலகையும், வண்ண நாற்காலிகளும், ஆங்கிலப் புத்தகங்களும் வாங்கினார். செய்தித்தாள்கள் எழுதின, நாடே வியந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, செஞ்சியை அடுத்த சத்தியமங்கலம் அரசுப் பள்ளி ஆசிரியர் எஸ். திலீப், 2020ஆம் ஆண்டின் தேசிய நல்லாசிரியர் விருதினைப் பெற்றார். கொரோனாக் காலமாதலால் அவ்வாண்டு குடியரசுத் தலைவர் அந்த விருதுகளைக் காணொளி வாயிலாகவே வழங்கினார். விருதும் திரையில் வந்தது!

ஓர் ஆசிரியை தம் நகையைத் துறந்து ஒரு திரையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார் என்றால், அது போற்றுதலுக்குரியது. நகை என்பது நம் வீடுகளில் என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அந்தத் தியாகத்தைப் பாராட்டிவிட்டு நாம் நின்றுவிடக் கூடாது. அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. திரை வந்துவிட்டது, அதில் ஓடப்போகும் பாடத்தை எழுதுபவர் யார்?

பெங்களூரிலோ மும்பையிலோ உள்ள ஒரு நிறுவனம் எழுதலாம். சென்னையில் அரசு அமைக்கும் குழு எழுதலாம். அல்லது, கந்தாட்டுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரே எழுதலாம். இந்த மூன்றாவது வழியைப் பற்றியதே இக்கட்டுரை. ஆசிரியர்கள் தாங்களே வலைப்பக்கங்களை வடிவமைக்கக் கற்றுக்கொள்வது என்பது கணினிப் பித்துப் பிடித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நீங்கள் எண்ணியிருந்தால், ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

42லிருந்து 17

இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? 42லிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 25. ஆனால் பல பிள்ளைகள் 35 என்று எழுதும். கடையில் வாங்கிய பல கணினிப் பாடங்கள் இதைக் கண்டதும் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியைக் காட்டி, ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். பிள்ளை மீண்டும் முயலும். மீண்டும் 35 வரும். ஏனெனில் அது கவனக்குறைவால் பிழை செய்யவில்லை. ஒரு தவறான விதியை மிகச் சரியாகப் பின்பற்றுகிறது.

அந்தத் தவறான விதி எது? ஒன்றுகள் இடத்தில் 2லிருந்து 7 போகாது. ஆகவே பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 என்று எழுதிவிடுகிறது. 4லிருந்து 1 போனால் 3. விடை 35. இது ஒரு வகைப் பிள்ளை. இன்னொரு பிள்ளையும் உண்டு. அது முறைப்படி கடன் வாங்கி 12லிருந்து 7ஐக் கழித்து 5 என்று எழுதும். ஆனால் கடன் கொடுத்த 4ஐ 3ஆகக் குறைக்க மறந்துவிடும். 4லிருந்து 1 போனால் 3. இதற்கும் விடை 35! விடை ஒன்று; நோய் இரண்டு. முதல் பிள்ளைக்குக் கடன் வாங்குதல் என்ற எண்ணமே பிடிபடவில்லை. இரண்டாம் பிள்ளைக்கு அது தெரியும், பாதியில் விட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே மருந்து கொடுத்தால் என்னவாகும்?

அனுபவமுள்ள ஆசிரியர் உடனே வேறொரு கணக்கைக் கொடுப்பார்: 52லிருந்து 38. முதல் பிள்ளை 26 என்று எழுதும். இரண்டாம் பிள்ளை 24 என்று எழுதும். இப்போது எது எந்த நோய் என்று தெரிந்துவிட்டது. (சரியான விடை 14 என்பதை நீங்கள் இதற்குள் போட்டிருப்பீர்கள்.)

‘ஊடாடும் வலைப்பக்கம்’ என்று சொல்கிறார்களே, அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது. பொம்மைகள் குதிப்பதும் கைதட்டல் ஒலி எழுவதும் ஊடாட்டம் ஆகா. பிள்ளை ஒன்று சொல்ல, அதற்கேற்ற மறுமொழியைப் பக்கம் சொல்வதே ஊடாட்டம். 35 என்று தட்டினால் 52லிருந்து 38ஐக் கேட்க வேண்டும். 26 வந்தால் பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும். 24 வந்தால், ‘கடன் கொடுத்தவரிடம் இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறது?’ என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டும். இவ்வளவையும் எழுதுவதற்குச் சரியான விடை தெரிந்தால் போதாது. தவறான விடைகள் தெரிந்திருக்க வேண்டும். தன் ஊர்ப் பிள்ளைகளின் தவறான விடைகளை அந்த வகுப்பின் ஆசிரியரைவிட நன்கு அறிந்தவர் உலகில் எவருமில்லை.

இது என் கற்பனை அன்று. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இக்கழித்தல் பிழைகளையே கணினிக்குள் வைத்து ‘பக்கி’ என்றொரு நிரலை உருவாக்கி, 1978ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார்கள். கணினி ஒரு பிள்ளையைப் போல் நடித்துத் தவறான விடைகளைத் தரும். எந்தத் தவறான விதியை அது பின்பற்றுகிறது என்று ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதற்கு முன், பிள்ளைகளின் பிழையைப் படிக்க ஆசிரியருக்கே பாடம்! வலைத்தளம் என்ற ஒன்று பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த செய்தி இது.

கருவி மட்டும் போதுமா?

பெரு என்னும் தென்னமெரிக்க நாட்டைப் பாருங்கள். ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்ற திட்டத்தின்கீழ் அந்நாட்டு அரசு இலட்சக்கணக்கான சிறு மடிக்கணினிகளைப் பள்ளிகளுக்கு வழங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319ஐ ஆய்ந்து 2012ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை, கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் பிள்ளைகளிடம் முன்னேற்றம் எதுவும் தென்படவில்லை என்று கூறியது. கருவி வந்தது, பாடம் பழையபடியே இருந்தது.

இதற்கு மாறாக நம் தலைநகர் டில்லியில் 2015ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. பள்ளி முடிந்தபின் மாலையில் மையங்களுக்கு வந்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள், ‘மைண்ட்ஸ்பார்க்’ என்னும் கணினிப் பாடத்தில் பயின்றனர். ஏழாம் வகுப்பில் இருந்தாலும் நான்காம் வகுப்பு அளவே தெரிந்த பிள்ளைக்கு அது நான்காம் வகுப்பிலிருந்தே கேள்வி கேட்டது. பிழையின் வகையைக் கண்டு அதற்கேற்ற விளக்கம் தந்தது. நாலரை மாதங்களில் கணிதத்திலும் இந்தியிலும் அப்பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கணிசமாக முன்னேறினர் என்று கார்த்திக் முரளிதரனும் அவருடைய கூட்டாளிகளும் 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. இரு நாடுகளுக்கும் சூழல் வேறு என்பது உண்மையே. எனினும், ஓரிடத்தில் கொடுத்தது பெட்டி. மற்றோரிடத்தில் கொடுத்தது மறுமொழி என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அந்த டில்லிப் பாடத்தை உருவாக்க ஒரு நிறுவனத்தின் பல்லாண்டு உழைப்பு தேவைப்பட்டது. திண்டிவனத்து ஆசிரியர் ஒருவர் தனியாளாக அவ்வளவையும் செய்துவிட முடியாது. ஆனால் ஒரு பாடத்தின் ஒரு பிழைக்கு ஒரு பக்கம் செய்ய முடியும். அது எவ்வளவு கடினம்?

நெசவு முறை

வலைப்பக்கம் என்பது வெறும் எழுத்துக்கோப்புதான். நம் கணினிகளில் குறிப்பெழுத இருக்கும் ‘நோட்பேட்’ போதும் அதை எழுத. அதில் மூன்று இழைகள் ஓடுகின்றன. ‘எச்.டி.எம்.எல்.’ என்பது இது தலைப்பு, இது பத்தி, இது பொத்தான் என்று பெயரிடும் இழை. ‘சி.எஸ்.எஸ்.’ என்பது நிறமும் அளவும் சொல்லும் இழை. ‘ஜாவாஸ்கிரிப்ட்’ என்பது, ‘விடை 35 ஆனால் இதைச் செய், 25 ஆனால் அதைச் செய்’ என்று கட்டளையிடும் இழை. முதல் இரண்டையும் ஓர் ஆசிரியர் ஒரு கோடை விடுமுறையில் பழகிவிடலாம். மூன்றாவதற்குப் பொறுமை தேவை. ஆனால் மேலே சொன்ன கழித்தல் பக்கத்துக்கு வேண்டிய கட்டளைகள், ‘ஆனால்’, ‘இல்லையேல்’ என்ற இரு சொற்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கட்டளை எழுத அஞ்சுவோருக்கும் வழி உண்டு. நார்வே நாட்டில் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘எச்5பி’ என்னும் கருவியில், கேள்வியையும் விடைகளையும் ஒவ்வொரு தவறான விடைக்கும் உரிய மறுமொழியையும் கட்டங்களில் நிரப்பினால் பக்கம் தானே உருவாகிவிடும். 2001ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவில் பிறந்த ‘ஜியோஜீப்ரா’ வடிவக் கணிதத்துக்கு உரியது. அமெரிக்காவில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஃபெட்’ அறிவியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்க உதவுகிறது; அவற்றுள் பல தமிழிலும் கிடைக்கின்றன. மூன்றையுமே ஆசிரியர்கள் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இனி, நம் ஊர் ஆசிரியர் எந்தப் பாடத்தைச் செய்வார்? மரக்காணத்தில் உப்பளங்கள் உண்டு. பிள்ளைகளின் தாய் தந்தையர் பலர் அங்கே உழைப்பவர்கள். கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. ‘ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் கடல்நீர் வற்ற வேண்டும்?’ என்று பக்கம் கேட்கிறது. பிள்ளை திரையில் உள்ள வாளியை இழுத்து இழுத்துப் பாத்தியில் ஊற்றுகிறது. பத்து லிட்டர், தராசு அசைகிறது, போதவில்லை. இருபது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது லிட்டருக்குத் தராசு நேராகிறது. வகுத்தல் கணக்கும், ஆவியாதலும், தன் உம்மாவோ அத்தாவோ வெயிலில் நின்று செய்யும் வேலையின் அளவும் ஒருசேரப் பிள்ளைக்கு விளங்குகிறது. மும்பை நிறுவனம் வாளிக்குப் பதில் ஆப்பிள் படம் போட்டிருக்கும்.

செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2025ஆம் ஆண்டு ஜூலையில், மராத்தியர் காலக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது இடம்பெற்றது. அதனுள்ளே 1717-18ஆம் ஆண்டுக் காலத்துச் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கிறது என்பதை நம்மவர்களிலேயே எத்தனை பேர் அறிவர்? ஒரு வரைபடம், தொட்டால் திறக்கும் நான்கைந்து இடங்கள், ஒவ்வொன்றிலும் பிள்ளையே பதில் தேட வேண்டிய ஒரு கேள்வி. சத்தியமங்கலத்துப் பிள்ளை அடுத்த ஞாயிறு அத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நேரில் போய்ச் சரிபார்க்கலாம். இப்படிப்பட்ட தேடல் பாடங்களுக்கு ‘வெப்குவெஸ்ட்’ என்று பெயர். அமெரிக்காவின் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்னி டாட்ஜ் 1995ஆம் ஆண்டில் இம்முறையை வகுத்தார். தம்மிடம் பயின்ற ஆசிரியர்களுக்காகவே அதை வகுத்தார் என்பது கவனிக்கத்தக்கது. வலையுலகம் தவழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆசிரியர்களைப் படைப்பாளர்களாக எண்ணிய மனிதர் அவர்.

எழுத்தே தெரியாத காலம்

‘தமிழில் இதெல்லாம் முடியுமா?’ என்று கேட்போர் இன்று குறைவு. ஆனால் முடியாமல் இருந்த காலம் வெகு தொலைவில் இல்லை. தொண்ணூறுகளில் ஒவ்வொரு தமிழ் வலைத்தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அந்த எழுத்துருவை இறக்கிப் பதித்துக்கொள்ளாவிட்டால் திரையில் புரியாத குறிகளே தெரியும். இக்குழப்பத்தைத் தீர்க்க 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டப்பட்டது. அதன் பயனாக வந்ததே ‘தமிழ் 99’ விசைப்பலகை.

இந்தக் காலகட்டத்தில் உழைத்தவர்களுள் ஒருவர் அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி அவர்கள். துபாயில் பணியாற்றிய அவர், ‘தேனீ’ என்னும் எழுத்துருவை உருவாக்கினார். படிப்பவர் எதையும் பதித்துக்கொள்ளத் தேவையில்லாமல், பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே வந்து தமிழைக் காட்டும் வகையில் அதை இயங்கச் செய்தார். பின்னர் ஒருங்குறி எனப்படும் யூனிகோடு முறைக்கும் எழுத்துருக்களும் எழுதுகருவிகளும் செய்து, அனைவரும் பயன்படுத்த விலையின்றி வழங்கினார். 2006ஆம் ஆண்டு ஜூலையில் அவர் இவ்வுலகைவிட்டுப் பிரிந்தார். வெளிநாட்டில் உழைக்கும் நம் சகோதரர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றியே பேசும் நாம், அவர்களில் ஒருவர் தமிழுக்கு அனுப்பிய இந்தச் செல்வத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்?

இன்று ஒருங்குறியில் எழுதிய பாடம் எந்தக் கைப்பேசியிலும் தெரியும். கூடுதலாக ஒரு செய்தி. அரபு எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. எச்.டி.எம்.எல். மொழியில் அதற்கென ஒரே ஒரு சிறு குறிப்பைச் சேர்த்தால் போதும். உலாவி அவ்வரியை வலமிருந்தே அடுக்கிவிடும். மாலை நேர ஓதும் பள்ளி உஸ்தாதுமார்களில் இளையவர்கள், எழுத்து அடையாளம் காட்டும் பக்கம் ஒன்றை இதே முறையில் செய்யலாம்.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் உலகெங்கும் ஆசிரியர்கள் ‘ஃபிளாஷ்’ என்னும் தனியார் மென்பொருளைக் கொண்டு அழகழகான அசையும் பாடங்களைச் செய்து குவித்தார்கள். அதன் உரிமையாளரான அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் அதற்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. பதின்மூன்றாம் நாள் அந்தப் பாடங்களைத் திறந்தவர்கள் வெற்றுக் கட்டத்தையே கண்டார்கள். ஆகவே கற்கத் தொடங்கும் ஆசிரியர்கள், எவருக்கும் சொந்தமில்லாத பொதுமொழிகளான மேற்சொன்ன மூன்று இழைகளில் நெய்வதே நலம். தொண்ணூறுகளில் எழுதிய எளிய எச்.டி.எம்.எல். பக்கம் இன்றும் திறக்கிறது!

அரசு செய்ததும் செய்ய வேண்டியதும்

தமிழக அரசு இத்துறையில் வாளாவிருக்கவில்லை. 2018ஆம் ஆண்டு முதல் வந்த புதிய பாடநூல்களில் கட்டம் கட்டமான விரைவுக்குறிகள் அச்சிடப்பட்டன. கைப்பேசியைக் காட்டினால் ‘தீக்ஷா’ தளத்தின் காணொளி திறக்கும். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன. 2024ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளிலும் திறன்மிகு வகுப்பறைகள் வரத் தொடங்கின. கந்தாட்டு ஆசிரியை நகையைக் கொடுத்து வாங்கியதை அரசே வாங்கிக் கொடுக்கும் நாள் வந்தது நல்லதே.

ஆனால் ஆசிரியர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சிகள் பெரும்பாலும் இருப்பதை இயக்கும் பயிற்சியாகவே அமைகின்றன. புதிதாக ஆக்கும் பயிற்சியாக அமைவது குறைவு. பதிவேடுகளையும் விவரங்களையும் கணினியில் ஏற்றவே நேரம் சரியாகிவிடுகிறது என்ற ஆசிரியர்களின் முணுமுணுப்பை உறவினர்களில் ஆசிரியர் உள்ள எவரும் கேட்டிருப்பீர்கள். சமையல் தெரிந்தவரைப் பரிமாற மட்டும் வைத்திருப்பது போன்றது இது என்பது என் எண்ணம்.

இந்த மாவட்டத்திலேயே வேறொரு சான்றும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2021ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள்தான் திறந்தன. அந்த இடைவெளியை ஈடுகட்ட வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தை முதலமைச்சர் 2021ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் தொடங்கிவைத்தது மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்தில்தான். மாலைதோறும் தெருத் திண்ணைகளில் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்ன தன்னார்வலர்களுள் பெரும்பாலோர் பெண்களே. ஒரு பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதை அருகிலிருந்து கண்டவர்கள் அவர்கள். 35 என்ற விடையை அவர்கள் எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! அந்த அறிவு எந்தப் பக்கத்திலும் எழுதப்படாமலே கலைந்து போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

உங்கள் வீட்டுக்கு இதில் என்ன?

நம் இல்லங்களில் பி.எட். படித்த பெண்கள் இருக்கிறார்கள். மணமாகி, பிள்ளைகளைப் பெற்று, வேலைக்குப் போகும் சூழல் அமையாமல், பட்டத்தை அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் சகோதரிகள் எத்தனை பேர்! வலைப்பக்கம் நெய்வதற்கு வாசற்படி தாண்ட வேண்டியதில்லை. பகலிரவு என்ற நேரக் கட்டுப்பாடும் இல்லை. மாமியாரோ கணவரோ இதனைக் ‘கைப்பேசியில் பொழுது போக்குகிறாள்’ என்று எண்ணிவிடாமல், என்ன செய்கிறாள் என்று ஒருமுறை அருகில் அமர்ந்து பார்த்தால் போதும். உப்புப் பக்கத்தை ஒரு முறை இயக்கிக் காட்டினால் மாமியாரே வாளியை இழுக்கத் தொடங்கிவிடுவார்.

தந்தை துபாயிலோ சவூதியிலோ இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு வசதி. ‘நல்லாப் படிக்கிறியா?’ ‘படிக்கிறேன் அத்தா.’ இதோடு முடிந்துவிடும் வெள்ளிக்கிழமை உரையாடல் இப்போது நீளலாம். பிள்ளையின் ஆசிரியர் செய்த பக்கத்தை அத்தாவும் அங்கே திறக்கலாம். ‘இருபது லிட்டர் ஊற்றியும் தராசு நேராகவில்லையே, நீ எத்தனை ஊற்றினாய்?’ என்று கேட்கலாம்.

செலவைப் பற்றி அஞ்சுவோருக்கு: காணொளிப் பாடம் ஒன்று கைப்பேசித் தரவை மெகாபைட் மெகாபைட்டாக விழுங்கும். எழுத்தாலான ஊடாடும் பக்கமோ சில கிலோபைட்டுகளில் அடங்கும். ஒரே கோப்பாகச் செய்துவிட்டால் இணையமே தேவையில்லை. நினைவு அட்டையில் ஏற்றியோ புளூடூத் வழியாக அனுப்பியோ வீட்டிலுள்ள பழைய கைப்பேசியிலும் திறக்கலாம். கைப்பேசியைப் பிள்ளையின் கையில் கொடுத்தால் வேறு எங்கெங்கோ போய்விடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. இணையத்தை அணைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் திறந்து கொடுப்பது அதற்கு ஒரு நல்ல பூட்டு.

இன்னோர் அச்சமும் நியாயமானதே. பிள்ளைகளின், குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் வலையில் ஏற்றுவது. நல்ல பாடப் பக்கத்துக்குப் பிள்ளையின் முகம் தேவையே இல்லை. 2023ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் இசைவை வேண்டுகிறது. பள்ளியில் இப்படிப்பட்ட முயற்சி நடந்தால், ‘எங்கள் பிள்ளையின் பெயர் எங்கே சேமிக்கப்படுகிறது?’ என்று நீங்கள் மரியாதையோடு கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இலவசமாக இடம் தரும் சில தளங்கள் பாடத்தின் ஓரத்தில் வேண்டாத விளம்பரங்களைச் செருகுவதும் உண்டு. அதையும் கண்காணியுங்கள்.

எல்லாவற்றுக்கும் திரை உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதல் வகுப்புப் பிள்ளை ‘அ’ எழுதப் பழகுவது மணலிலும் பலகையிலும்தான். விரலுக்கு உராய்வு வேண்டும். கண்ணாடித் திரை வழுக்கும். உரக்கப் படித்தலுக்கு ஆசிரியரின் செவி வேண்டும். கழித்தலுக்கேகூட முதலில் புளியங்கொட்டைகள், பிறகுதான் பக்கம். நகை கொடுத்து வாங்கிய கந்தாட்டு வகுப்பறையிலும் நாற்காலியும் புத்தகமும் திரையோடு சேர்ந்தே வாங்கப்பட்டன என்பதை மறக்க வேண்டாம்.

தொடங்க விரும்பும் ஆசிரியர்களுக்கும் ஆசிரியப் பயிற்சியில் உள்ள உங்கள் பிள்ளைகளுக்கும், முதல் கருவி கணினி அன்று. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று போதும். ஒரு வார காலம், ஒரே ஒரு பாடத்தில், பிள்ளைகள் எழுதும் தவறான விடைகளை மட்டும் அதில் குறித்து வர வேண்டும். வார இறுதியில் ஒரே விடை திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும். அதற்குரிய காரணத்தைப் பிள்ளையிடமே, ‘எப்படிப் போட்டாய், சொல் பார்ப்போம்’ என்று கேட்க வேண்டும். அதன்பின் அந்த ஒரு விடைக்காக ஒரு பக்கம் நெய்ய வேண்டும். நெய்து முடித்ததும் ஒரு பிள்ளையை அதன் முன் அமர்த்தி, ஆசிரியர் வாய்திறவாமல் பின்னால் நின்று பார்க்க வேண்டும். விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும் இடம் எதுவோ, பக்கத்தில் திருத்த வேண்டிய இடம் அதுவே.